சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்: காப்பாரில் மூல ஆவணங்களோடு ஒரு வரலாற்று வகுப்பு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் வழியில் இருக்கிறது காப்பார். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். பிறகு செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் போய், கிடங்குகளும் தொழிற்சாலைகளும் எழும்பிவிட்டன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த குடும்பங்கள், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறிவிட்டன. ஆனாலும் புதிதாகப் பார்க்கும் ஒருவரிடம் "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் வரலாற்று வகுப்பு ஒன்று நடக்கிறது. படிவம் 2 முதல் படிவம் 4 வரை படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் அளவில் வருவார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். என்னோடு சேர்ந்து வகுப்பை நடத்துபவர் தமிழ்ப்பள்ளியில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு பருவம் முழுக்கப் பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை மூல ஆவணங்களைக் கொண்டு படித்தோம். என்ன தாள்களை எடுத்தோம், பிள்ளைகள் அவற்றை என்ன செய்தார்கள், எங்கே இடறியது, எங்கே பலன் கிடைத்தது என்பதை மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் அளவுக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலே சிந்தனை தானாக வந்துவிடும் என்று ஆசிரியர்களில் பலர் நம்புகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அப்படி வரவில்லை. தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை எழுதிய தாளைச் சந்தேகிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. நம் ஆட்கள் எழுதிய தாளிடம் அதே கேள்வியைக் கேட்க வைத்தபோதுதான் வகுப்பு உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது.

பள்ளியில் இருக்கும் நிலை

2013 முதல், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் வரலாறு கட்டாயம் தேற வேண்டிய பாடம். தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதனால் பிள்ளைகள் செஜாரா (வரலாறு) என்றாலே மனப்பாடம் என்று நினைக்கிறார்கள். ஆனால் நம் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் அது மனப்பாடத்தைக் கேட்கவில்லை. கால வரிசையைப் புரிந்துகொள்ளுதல், சான்றுகளைத் தேடி ஆராய்தல், விளக்கம் காணுதல், கற்பனை செய்து பார்த்தல், காரண காரியம் காணுதல் என்று ஐந்து வரலாற்றுச் சிந்தனைத் திறன்களை அது பட்டியலிடுகிறது. மூலச் சான்று, துணைச் சான்று என்ற வேறுபாடு படிவம் 1இன் முதல் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் அந்த வேறுபாட்டுக்கு வரையறை எழுதுவார்கள், இரண்டுக்கும் எடுத்துக்காட்டு எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஆனால் ஒரு மூலச் சான்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் யாரும் இல்லை.

இதில் அமெரிக்கக் கல்வியாளர் சாம் வைன்பெர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய வழிகாட்டி. வரலாற்று அறிஞர்களிடமும் நன்றாகப் படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அறிஞர்கள் தாளைக் கையில் வாங்கியதும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாணவர்கள், ரப்பர் மர வரிசையான நிரையைப் பிடித்துப் பால் வெட்டப் போவதைப் போல முதல் வரியில் தொடங்கி வரிசையாகக் கடைசி வரி வரை போனார்கள். எழுதியவர் பெயர் அவர்களுக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள். அதனால் நாங்கள் வைத்த ஒரே விதி இதுதான்: தாளைப் படிக்கும் முன் அதன் மேல் மூலையில் பென்சிலால் யார், யாருக்கு, எப்போது, எதற்காக என்ற நான்கையும் எழுத வேண்டும். தெரியாவிட்டால் கேள்விக்குறி போட வேண்டும். எழுதாதவர் பேசக்கூடாது.

1941இன் பட்டியல்

வேலைநிறுத்தத்தின் பின்னணியை ஒரே வகுப்பில் முடித்தோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது. தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி வழி ஆள் சேர்ப்பு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. 1936இல் மலாயா இந்தியர் மத்திய சங்கம் உருவானது, 1937இல் நேரு மலாயாவுக்கு வந்து போனார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரப்பர் விலை ஏறியது, அரிசி விலையும் ஏறியது. அதுவரை தோட்டத்தில் பேசப்பட்ட கணக்கு ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1941இன் முதல் மாதங்களில் கிள்ளான் பகுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் பரவியது. தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் முக்கியத் தலைவர். மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்தார்கள். அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கியதும் இந்தக் கதை பேச்சிலிருந்தே மறைந்துபோனது.

அப்புறம் தாளைக் கொடுத்தோம். வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைப் பட்டியல் அது. பிற்கால வரலாற்று நூல்களில் எடுத்துத் தரப்பட்டிருக்கும் ஆங்கில வடிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கீழே ஆசிரியை தமிழில் எழுதிக் கொடுத்தார். இந்தியருக்கும் சீனருக்கும் ஒரே கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும், சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. இவற்றோடு ஒன்று: துரைக்கும் அலுவலகத்தாருக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப்போக அனுமதிக்க வேண்டும்.

இந்தச் சைக்கிள் கோரிக்கையில் மொத்த வகுப்பும் நின்றுவிட்டது. கூலி, மருத்துவம், கல்வி இவை எல்லாம் அவர்களுக்குப் பாடநூலில் கேட்டுப் பழகிய சொற்கள். சைக்கிள் அப்படியில்லை. படிவம் 2 மாணவன் ஒருவன், "அப்போ இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணுமா சார்? அவர் தூரத்துல வந்தாலுமா?" என்று கேட்டான். கூலியைப் பற்றிய கோரிக்கைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அவர்களே பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கூலி கேட்பவர் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார், சைக்கிளைக் கேட்பவர் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கிறார். இன்னொரு மாணவி அதற்கும் மேலே போனாள். சைக்கிள் வாங்கும் அளவுக்காவது சிலரிடம் காசு இருந்திருக்க வேண்டும், ஆகவே 'வறுமையால் வேலைநிறுத்தம்' என்ற ஒற்றைக் காரணம் போதாது என்றாள். நானே அந்தப் பட்டியலைப் பல தடவை படித்திருக்கிறேன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதில்லை. ஒரு சட்டமோ புள்ளிவிவரமோ சொல்லாததை ஒரு சைக்கிள் சொல்லும் என்பதை அன்றைக்கு அந்தப் பிள்ளைகள்தான் எடுத்துக் காட்டினார்கள்.

அடுத்து, மேல் மூலையில் 'யார்' என்ற இடத்துக்குத் திரும்பினோம். எல்லோரும் 'தொழிலாளர்கள்' என்று எழுதியிருந்தார்கள். பால் வெட்டியவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவார்களா என்று ஆசிரியை கேட்டார். அமைதி. பிறகு பட்டியலை வெட்டித் துண்டாக்கி, தோட்டத்திலிருந்து வந்திருக்கக்கூடியவை, படித்த தலைவர்களிடமிருந்து வந்திருக்கக்கூடியவை என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னோம். சைக்கிளும் உறவினர் வருகையும் வேலை நேரமும் முதல் பக்கம் போயின. பேச்சுரிமையும் சங்க உரிமையும் இரண்டாம் பக்கம். கள்ளுக்கடையில் சண்டை வந்துவிட்டது. குடியால் அழிந்த குடும்பத்துப் பெண்கள் கேட்டிருப்பார்கள் என்றது ஒரு குழு. காந்தி வழியில் வந்த தலைவர்கள் கேட்டிருப்பார்கள் என்றது மற்றது. இரண்டு குழுவும் தங்கள் பக்கத்துக்குக் காரணம் சொன்னது. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க நாங்கள் முயலவில்லை.

பெண்களைப் பற்றிய கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. படிவம் 4 மாணவி ஒருத்தி, முந்தைய வாரம் எழுதிய 50 காசு, 40 காசு என்ற கணக்கைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சீனருக்குச் சமமாகக் கூலி கேட்கிறார்கள், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு யாரும் கேட்கவில்லையே என்றாள். பெண்களைப் பற்றி ஒரு கோரிக்கை இருக்கிறது, ஆனால் அது பெண்கள் எழுதியது போல இல்லை என்பது அவள் வாதம். ஒரு தாளில் இல்லாததைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த முறையில் எல்லாவற்றையும்விடக் கடினம். அதை அவள் சொல்லிக்கொடுக்காமலே செய்தாள்.

கிராணிகளைப் பற்றிய கோரிக்கை

பட்டியலில் இன்னொரு கோரிக்கை இருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் மலையாளிகளையும் யாழ்ப்பாணத் தமிழர்களையும் விலக்கிவிட்டு அந்த இடங்களில் தமிழர்களை நியமிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று நானும் ஆசிரியையும் முன்பே பேசினோம். வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நமக்கு வசதியில்லாத வரியை நாமே வெட்டிவிட்டு, பிள்ளைகளிடம் மூல ஆவணம் என்று எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அவர் சொன்னது சரி.

வகுப்பில் ஒரு மாணவனின் பூட்டன் மலையாளி, தோட்டத்தில் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அவன் வீட்டில் இது பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. பட்டியலைப் படித்ததும், "அப்போ எங்க தாத்தாவோட அப்பாவைத்தான் போகச் சொல்றாங்களா?" என்று நேராகவே கேட்டான். மற்றவர்கள் சிலர் கிராணிகளைப் பற்றித் தங்கள் வீட்டில் கேட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிற்க வைத்துத் திட்டியது, ரப்பர்ப் பாலின் எடை குறைத்து எழுதியது, வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயரை அடித்தது, இப்படி. பேச்சு சூடானது.

இந்த இடத்தில் ஆசிரியர் சமாதானம் செய்துவைத்தால் பாடம் முடிந்துவிடும். எல்லோரும் நல்லவர்கள்தான், காலம் அப்படி என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். நாங்கள் தாளுக்கே திரும்பினோம். பட்டியலில் யாரை விலக்கச் சொல்கிறார்கள், யாரை விலக்கச் சொல்லவில்லை என்று மட்டும் பார்க்கச் சொன்னோம். சிறிது நேரத்தில் ஒரு மாணவன் சொன்னான்: வெள்ளைக்காரத் துரையைப் போகச் சொல்லவே இல்லை. எடையைக் குறைக்கச் சொல்லும் நிர்வாகம் மேலே இருக்கிறது, குறைத்து எழுதும் கை கீழே இருக்கிறது, தொழிலாளிக்குத் தினமும் தெரிவது அந்தக் கைதான் என்று வாதம் நீண்டது. கிராணிக்கும் ஆங்கிலம் படித்ததால்தான் அந்த வேலை, அந்த வேலை போனால் அவருக்கும் வீடு போய்விடும் என்றான் அந்த மலையாளிக் குடும்பத்து மாணவன். அதுவரை கிராணியைத் திட்டிக்கொண்டிருந்த பெண், "ஆனா தமிழ்க் கிராணி வந்திருந்தா எடையைச் சரியா எழுதியிருப்பாரா?" என்று கேட்டாள். இதே கோரிக்கைதான் அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் அவர்களை விடாமல் பேச வைத்தது.

அந்தப் பட்டியலை எழுதியவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவர்கள் அவர்கள். அந்த மரியாதைக்காக அவர்கள் எழுதியதில் இருந்த இனப் பார்வையை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் அது புரிந்தது. ஒரே தாள் நியாயமாகவும் இருக்கலாம், ஒரு கூட்டத்துக்கு அநியாயமாகவும் இருக்கலாம் என்று ஒரு குழு தங்கள் சுவரொட்டியில் எழுதியது.

சட்டம் ஒன்று சொல்கிறது

இன்னொரு பயிற்சி சின்னது, ஆனால் பலன் பெரியது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வழி செய்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தக் கட்டாயத்தில்தான் எழுந்தன. இந்தச் சட்டத்தின் சுருக்கத்தை ஒரு குழுவுக்கு மட்டும் கொடுத்து, தோட்டத்தில் கல்வி எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னோம். நன்றாக இருந்தது என்று எழுதினார்கள். 1941 பட்டியலை மட்டும் வைத்திருந்த குழு மோசமாக இருந்தது என்று எழுதியது. பிறகு இரண்டு குழுவையும் தாள்களை மாற்றிக்கொள்ளச் சொன்னோம்.

சட்டம் வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகும் 'ஒழுங்கான' கல்வியை ஏன் கேட்கிறார்கள்? பள்ளி இருந்தது, ஆனால் ஒழுங்காக இல்லை என்றால் அது எப்படிப்பட்ட பள்ளி? யார் கற்பித்தார்? ஆசிரியை தன் சிறு வயதில் கேட்ட செய்திகளைச் சொன்னார். கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ காலையில் தன் வேலைக்கு நடுவே பாடம் நடத்திய தோட்டங்கள் உண்டு. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் இருக்கும். சட்டம் என்பது ஆள்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்குச் சான்று. எப்படி இருந்தது என்பதற்குச் சான்று தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். இரண்டு தாளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அவர்களே கண்டுபிடித்ததால் அது தங்கியது.

வீட்டிலிருந்து வந்த தாள்கள்

பருவத்தின் பின்பாதியில் வீட்டில் இருக்கும் பழைய தாள்களைக் கேட்டோம். பிறப்புப் பத்திரம், சங்க உறுப்பினர் அட்டை, பழைய கடப்பிதழ், அடையாள அட்டை எதுவானாலும். அசலைக் கொண்டுவரக் கூடாது, எண்ணை மறைத்துப் படம் எடுத்து வர வேண்டும், வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னோம். இதை எழுதும்போதும் யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை.

ஒரு மாணவி பாட்டியின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டு வந்தாள். மலாயாவில் அடையாள அட்டை 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் அறிமுகமானது, மக்களைக் கண்காணிப்பதற்காக. அவள் பாட்டியின் அட்டை அதற்கு வெகு பிற்காலத்தது. அதில் பிறந்த தேதி இல்லை, 1939 என்று ஆண்டு மட்டும். ஆனால் பாட்டி எப்போதும் "ஜப்பான்காரன் வந்த வருஷம் பொறந்தேன்" என்றுதான் சொல்வாராம். ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. கோலாலம்பூர் விழுந்தது 1942 ஜனவரி 11. அட்டையும் பாட்டியும் ஒத்துப்போகவில்லை.

எது சரி என்று கேட்டதும் எல்லோரும் அட்டை என்றார்கள். அரசாங்க முத்திரை இருக்கிறதே. அந்தத் தகவலை அட்டையில் எழுதியவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டோம். மாணவி பாட்டியிடமே போய்க் கேட்டு வந்தாள். பாட்டியின் அப்பாவை ஜப்பானியர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. 1942, 1943இல் பர்மாவையும் சயாமையும் இணைக்க 415 கிலோமீட்டர் தூரம் போடப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்திரளாகத் தமிழர்கள் போனார்கள். அம்மாவும் சீக்கிரமே இறந்துவிட்டார். பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பெரியம்மா. அவர் முகத்தைப் பார்த்து ஒரு வயது சொன்னார், அலுவலர் அதிலிருந்து ஆண்டைக் கணக்குப் போட்டு எழுதினார். இது பாட்டி சொன்ன விளக்கம்.

அப்படியானால் பாட்டி சொல்வதுதான் சரி என்று உடனே சிலர் பக்கம் மாறினார்கள். நமக்குப் பிடித்த பாட்டி, அவர் சொல்வதையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். பிறந்த வருஷம் யாருக்கும் நினைவிருக்காது, பாட்டிக்கும் யாரோ சொல்லித்தான் தெரியும் என்றாள் அந்த மாணவியே. ஜப்பான்காரன் வந்த வருஷம் என்று தோட்டத்தில் பலரும் சொல்வார்கள், அந்தக் காலத்தை மொத்தமாகக் குறிக்கும் பேச்சாகவும் இருக்கலாம் என்றான் இன்னொருவன். கடைசியில் 1939க்கும் 1942க்கும் இடையில் என்று எழுதி, அதற்கான காரணங்களைக் கீழே எழுதினார்கள். இந்த வகுப்பில் நான் பார்த்த சிறந்த விடை அதுதான். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்றால், கிடைக்காது.

சிவப்பு அடையாள அட்டை வந்தபோது வேறு விதமான கவனம் தேவைப்பட்டது. நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு, குடிமக்களுக்கு நீலம். தன் தாத்தா கடைசி வரை சிவப்பு அட்டையோடு இருந்ததைச் சொல்ல ஒரு மாணவன் தயங்கினான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, பலர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கே திரும்பினார்கள், விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாமலும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் சிவப்பிலேயே தங்கியவர்கள் ஏராளம் என்று ஆசிரியை விளக்கினார். அந்தப் படத்தை வகுப்பில் காட்டவில்லை. அவன் விரும்பியபோது அவனே அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான், தலைப்பு 'பாரம் நிரப்பாத தாத்தா'. குடும்பத் தாள்களைக் கேட்கும் ஆசிரியர் இப்படிப்பட்ட தாள் வரும் என்று எதிர்பார்த்தே கேட்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டையும் வகுப்பின் நடுவில் கொண்டுவந்து வைக்க நமக்கு உரிமை இல்லை.

"எல்லாமே பொய் சார்"

பருவத்தின் நடுவில் ஒரு சிக்கல் தலைகாட்டியது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளில் சிலர் எதையும் நம்ப மறுத்தார்கள். 1941 மே மாத ஆங்கில நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்தபோது இது கூர்மையாகத் தெரிந்தது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய மலாயா, சிங்கப்பூர் நாளிதழ்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது, தமிழ் முரசு உட்பட. அங்கிருந்து எடுத்த செய்தி அது. அரசு சொன்னது இருந்தது, தோட்ட நிர்வாகம் சொன்னது இருந்தது, பால் வெட்டியவர் சொன்னது இல்லை. "வெள்ளைக்காரன் பேப்பர், பொய்தான் எழுதுவான்" என்று ஒருவன் தாளைத் தள்ளி வைத்தான். எதையும் நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. எதையும் நம்புபவனைப் போலவே அவனும் தாளைப் படிக்காமல் தப்பித்துக்கொள்கிறான் என்பதுதான் என் கவலை.

அதனால் கேள்வியை மாற்றினோம். இது உண்மையா பொய்யா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இந்தத் தாள் எதற்குச் சான்றாகும் என்று கேட்கத் தொடங்கினோம். தொழிலாளர் ஏன் கொதித்தார்கள் என்பதற்கு அந்தச் செய்தி பலவீனமான சான்று. அரசு எதைக் கண்டு பயந்தது, பொதுமக்களுக்கு எதைச் சொல்ல விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. எந்த நாளில் எங்கே ராணுவம் வந்தது என்பதற்கும் ஓரளவு நம்பலாம், வேறு தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. தாளைத் தள்ளி வைத்த மாணவனே அடுத்த வாரங்களில், "இது எதுக்குச் சாட்சி?" என்று மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தான்.

இன்றைக்குப் பிள்ளைகளின் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரு மாணவி தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த, தமிழர் பெருமை பேசும் ஒரு செய்தியை வகுப்புக்குக் கொண்டு வந்து, மேல் மூலையில் யார், எப்போது என்ற இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டிருந்தாள். பெருமையான செய்தியாக இருந்தும் கேள்விக்குறி போட்டாளே என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

பெற்றோரும் தேர்வும்

சில பெற்றோர் கவலைப்பட்டார்கள். வேலைநிறுத்தம், கைது, நாடு கடத்தல் இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு, அரசியலாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் உட்கார வைத்து, பட்டியலை அவர்களிடமே கொடுத்தோம். கேள்வி கேட்டவர்தான் அன்றைக்கு அதிகம் பேசினார். அவருடைய அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தவராம்.

தேர்வைப் பொறுத்தவரை மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. மதிப்பெண் ஏறியது என்று காட்ட என்னிடம் அட்டவணை இல்லை, அப்படி ஒன்றைச் செய்யவும் இல்லை. பிள்ளைகளின் எழுத்தைத்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். பருவத் தொடக்கத்தில் 1941 வேலைநிறுத்தத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்கள்: குறைந்த கூலி. பருவ முடிவில் அதே கேள்விக்கு எந்த இரண்டு விடையும் ஒன்றாக இல்லை. 'பட்டியலின்படி' என்று தொடங்கியவர்கள் பலர். 'ஆனால் இதை எழுதியவர் ஆங்கிலம் தெரிந்தவர், ஆகவே' என்று தொடர்ந்தவர்கள் சிலர். ஒரு சிலர் இன்னமும் 'குறைந்த கூலி' என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள். அதுவும் உண்டு.

மொழி ஒரு நடைமுறைச் சிரமம். பள்ளியில் வரலாறு மலாயில். ஆவணம் ஆங்கிலத்தில். பேச்சு தமிழில். தமிழில் நன்றாக வாதாடிய மாணவன் மலாயில் எழுதும்போது பழைய மனப்பாட வாக்கியத்துக்கே திரும்புவதைப் பார்த்தோம். அதனால் கடைசி அரை மணி நேரத்தை, தமிழில் பேசியதை மலாயில் எழுதிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினோம். இதைத் தொடக்கத்திலிருந்தே வைப்பது நல்லது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

ஒரு வகுப்புக்கு ஒரு தாள், அல்லது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தாள் போதும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பழைய ஆங்கிலம் பிள்ளைகளை மிரட்டும், அதனால் எளிய தமிழ் வடிவம் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அசலின் படத்தையும் காட்டுங்கள், கறையும் முத்திரையும் கையெழுத்தும் தெரியட்டும். நூலிலிருந்து எடுத்தது என்றால் நூலிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுங்கள், அதுவும் பாடம்தான். தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது, அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஊரிலேயே நிறைய இருக்கிறது. பழைய கோயில் கணக்குப் புத்தகம், திருவிழா அழைப்பிதழ், தோட்டப் பள்ளியின் குழுப் படம், இடுகாட்டுக் கல்வெட்டு எதையும் விடாதீர்கள். இவற்றைத் தேடிப் போகும்போது உடன் ஒரு பெரியவர் இருக்கட்டும். அவர் சொல்வதையும் பதிவு செய்துவிட்டு, அதன் மேல் மூலையிலும் நான்கு கேள்விகளை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்துக்கு 1948ஐ எடுத்திருக்கிறோம். அந்த ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டவிரோதமாக்கப்பட்டது. 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். 18ஆம் தேதி மலாயா முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இவற்றைப் பற்றிய தாள்களைத் தேதியை மறைத்துக் கொடுத்து, எது முன், எது பின், எதனால் எது என்று வரிசைப்படுத்தச் சொல்லப் போகிறோம். அரசுத் தரப்புத் தாள்களும் நாளிதழ்களும் கிடைத்துவிட்டன. தொழிற்சங்கத் தரப்பில் தமிழில் அச்சான துண்டறிக்கைகளும் சந்தா அட்டைகளும் கொஞ்சம்தான் கைக்கு வந்திருக்கின்றன. காப்பார், மேரு, ஜெராம் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அசலை யாரும் தர வேண்டியதில்லை, வீட்டுக்கே வந்து படம் எடுத்துக்கொள்வோம்.